முறையை மாற்றும் முன் உலையைப் பாருங்கள்

வினையூக்கி ஒன்றைச் செய்ய, சிலிக்காவின்மேல் 10 சதவீதம் நிக்கல் ஏற்றுவதற்காக நிக்கல் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்திருக்கிறீர்கள். இரவு முழுவதும் 110 டிகிரி செல்சியஸில் உலர்த்தி, மஃபிள் உலையில் 500 டிகிரியில் சுட்டு, பிறகு ஹைட்ரஜனில் ஒடுக்கி உலோகமாக்கியிருக்கிறீர்கள். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் துகளின் அளவு 25 நானோமீட்டர் என்று வந்திருக்கிறது. நீங்கள் படித்த ஆய்வுக் கட்டுரைகளிலோ அதே உலோகம், அதே தாங்கி (உலோகத்தைச் சுமக்கும் சிலிக்கா), அளவு மட்டும் 4 அல்லது 5 நானோமீட்டர். ஆகவே ஊறல் முறையை விட்டுவிட்டு, துகள்களைக் கரைசலிலேயே முதலில் செய்துகொள்ளும் கூழ்ம முறைக்குப் போகலாமா, இருப்பதிலேயே சிறந்த தயாரிப்பு முறை எது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. கரைசலில் ஒவ்வோர் அயனியாகத் தனித்தனியே இருந்த நிக்கல், எந்தக் கட்டத்தில் ஒன்றுதிரண்டு பெருத்தது? அதைக் கண்டுபிடித்துவிட்டால் முறையைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய சிரமம் இராது.

பல ஆண்டுகளாக ஆக்சைடு தாங்கிகளில் நிக்கல், பிளாட்டினம், தாமிரம் ஆகியவற்றை ஏற்றிப் பழகியவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் துகள் பெருத்ததற்கு ஊறல் முறையின்மேல் முழுப் பழியையும் போட முடியாது. உலர்த்தலும் சுடுதலும்தான் முக்கியக் குற்றவாளிகள். கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் ‘உலர்த்தப்பட்டு, 500 டிகிரியில் சுடப்பட்டது’ என்று ஒரே வரியில் கடந்துவிடும் இடத்தில்தான் துகளின் அளவு தீர்மானமாகிறது. முறையின் பெயரை மட்டும் மாற்றி, அதே உலையில் அதே விதமாகச் சுட்டால், புதிய முறையிலும் ஏமாற்றம் காத்திருக்கிறது.

ஊறல் முறையை முதலில் சரியாகப் புரிந்துகொள்வோம். தாங்கியின் நுண்துளைகள் எவ்வளவு நீரை உறிஞ்சுமோ அதே அளவு கரைசலை மட்டும் சேர்ப்பது உலர் ஊறல். அதிகமான கரைசலில் தாங்கியை மிதக்கவிட்டு நீரை ஆவியாக்குவது ஈர ஊறல். உலர் ஊறலில் கணக்கு எளிது. நுண்துளைக் கொள்ளளவு கிராமுக்கு 1 மில்லிலிட்டர் உள்ள சிலிக்கா 10 கிராம் என்றால் கரைசல் 10 மில்லிலிட்டர். இறுதியில் 10 சதவீதம் நிக்கல் வேண்டுமானால் 1.11 கிராம் நிக்கல் தேவை (1 கிராம் என்று போட்டுவிட்டு 9.1 சதவீதத்தோடு நிற்பவர்கள் நிறையப் பேர்). நிக்கல் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட்டில் நிக்கல் ஏறத்தாழ 20 சதவீதம். எனவே உப்பு 5.5 கிராம். உப்பு காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், தாங்கியும் இழுக்கும். தாங்கியை முன்கூட்டியே சூடாக்கி ஈரத்தை வெளியேற்றாவிட்டால் துளைகளில் ஏற்கெனவே நீர் இருக்கும். கரைசலில் ஒரு பகுதி வெளியே நின்றுவிடும். கொள்ளளவை விற்பனையாளர் தாளிலிருந்து எடுக்காமல், வெறும் நீரைத் துளித்துளியாகச் சேர்த்து, தூள் ஒட்டத் தொடங்கும் புள்ளியை நீங்களே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கரைசல் துளைக்குள் சென்றுவிட்டது. நிக்கல் அயனி சிலிக்காவின் சுவரைப் பிடித்துக்கொண்டதா? பெரும்பாலும் இல்லை. ஆக்சைடுகளின் பரப்பில் ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. சுற்றியுள்ள நீரின் பிஎச் குறைவாக இருந்தால் அவை புரோட்டானை ஏற்று நேர்மின்சுமை பெறும். அதிகமாக இருந்தால் புரோட்டானை இழந்து எதிர்மின்சுமை பெறும். இடையில் மொத்த மின்சுமை பூச்சியமாகும் ஒரு பிஎச் உண்டு; அதுதான் பூச்சியப் புள்ளி. சிலிக்காவுக்கு அது சுமார் 2 முதல் 4, டைட்டானியாவுக்கு 4 முதல் 6, அலுமினாவுக்கு 8 முதல் 9, மக்னீசியாவுக்கு 12 அளவில். நிக்கல் நைட்ரேட் கரைசல் இயல்பிலேயே அமிலத்தன்மை உடையது. அந்த நிலையில் சிலிக்காவின் பரப்பில் சொல்லும்படியான மின்சுமை இராது. நிக்கலும் சிலிக்காவும் அருகருகே இருக்கின்றன, அவ்வளவுதான். நீர் எங்கே நகர்கிறதோ அங்கெல்லாம் நிக்கலும் நகரும்.

நீர் நகர்வது உலர்த்தும்போது. சிந்திய மைத்துளி காய்ந்தபின் ஓரத்தில் மட்டும் அடர்ந்த வளையம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். துளைகள் நிறைந்த ஒரு தாங்கி மணியிலும் அதுவேதான் நடக்கிறது. ஆவியாதல் வெளிப்பரப்பில் நடப்பதால் உள்ளிருக்கும் கரைசல் நுண்குழாய் விசையால் வெளிப்புறம் இழுக்கப்படுகிறது, உப்பையும் சுமந்துகொண்டு. இதில் நிக்கல் நைட்ரேட்டுக்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு. அந்த ஹெக்சாஹைட்ரேட் 57 டிகிரியிலேயே தன் படிக நீரில் உருகிவிடும். 110 டிகிரி உலர்த்தும் பெட்டியில் நீங்கள் இரவு முழுவதும் வைத்திருந்தது ஒரு பாகு. அது ஓடவும் திரளவும் அவகாசம் கொடுத்திருக்கிறீர்கள். வேகமாக உலர்த்துவதா, மெதுவாக உலர்த்துவதா என்ற விவாதத்துக்கு எல்லாருக்கும் பொருந்தும் விடை கிடையாது. தாங்கி மணியின் அளவும் துளையின் அகலமும் கரைசலின் பிசுபிசுப்பும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. மெல்லிய தூளுக்கு, குறைந்த வெப்பத்தில் வெற்றிடத்தில் உலர்த்துவது எனக்கு நல்ல பலன் தந்திருக்கிறது. மில்லிமீட்டர் அளவு உருண்டைகளுக்கு அதை அப்படியே பரிந்துரைக்க மாட்டேன்.

உலர்த்தும் சிக்கலைத் தவிர்க்க ஒரு பழைய உத்தி, நைட்ரேட்டுக்குப் பதில் சிட்ரேட் போன்ற அணைவுச் சேர்மத்தைப் பயன்படுத்துவது. நீர் குறையக் குறைய அந்தக் கரைசல் படிகமாகாமல் கூழாக இறுகும். பிசுபிசுப்பு கூடுவதால் நகர்வும் நின்றுவிடும். கரைதிறன் குறைவு என்பதால் 10 சதவீதத்தை ஒரே தடவையில் ஏற்ற முடியாமல் இரண்டு மூன்று சுற்று தேவைப்படலாம். கரிமப் பகுதி எரியும்போது வெப்பம் திடீரென்று உயரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது சுடுதல். உங்கள் செய்முறையில் என்னை மிகவும் உறுத்தியது இதுதான். மஃபிள் உலை என்பது மூடிய பெட்டி. நைட்ரேட் சிதையும்போது வெளிவரும் நைட்ரஜன் டைஆக்சைடும் ஆக்சிஜனும் நீராவியும் தூளைச் சுற்றியே தேங்கி நிற்கும். மூசையில் தூளை உயரமாகக் குவித்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்த வாயுச் சூழலில் நிக்கல் ஆக்சைடு நகர்ந்து திரள்வது நன்றாக நிறுவப்பட்ட உண்மை. நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரைன் டி யோங் குழுவினர் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். சுடும்போது ஹீலியத்தில் சிறிதளவு நைட்ரிக் ஆக்சைடு கலந்து செலுத்தினால், காற்றில் சுடும்போது பெருத்துவிடும் அதே நைட்ரேட் மாதிரி சில நானோமீட்டர் துகள்களாக நிற்கிறது என்று 2007ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டினார்கள். தாங்கியும் அதே, உப்பும் அதே, ஊறல் முறையும் அதே. மாறியது உலைக்குள் ஓடிய வாயு மட்டும். நைட்ரிக் ஆக்சைடு ஏன் இப்படிச் செய்கிறது என்பதில் விளைவைப் பற்றி இருக்கும் அளவு உறுதி இல்லை. அது சிதைவில் வரும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு, இடைநிலையாக நிக்கல் ஹைட்ராக்சிநைட்ரேட் நன்கு சிதறிய நிலையில் உருவாக வழிசெய்கிறது என்பது வலுவான விளக்கம். எல்லாத் தாங்கிகளுக்கும் எல்லா உலோகங்களுக்கும் இதே விளக்கம் பொருந்துமா என்பது தனிக் கேள்வி.

நைட்ரிக் ஆக்சைடு நச்சு வாயு. எல்லா ஆய்வகங்களிலும் அதற்கான வசதி இராது. அது இல்லாமலேயே பாதி தூரம் போகலாம். கிடைமட்டக் குழாய் உலையில் தூளை மெல்லிய படலமாகப் பரப்பி, நைட்ரஜனையோ காற்றையோ தாராளமாக ஓடவிட்டு, நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் 300 அல்லது 350 டிகிரி வரை ஏற்றினால் போதும். நைட்ரேட் சிதைவதற்கு 500 டிகிரி தேவையே இல்லை. அந்த எண் ஒரு கட்டுரையிலிருந்து இன்னொரு கட்டுரைக்கு நகலாகிக்கொண்டே வந்திருக்கும் பழக்கம் என்பது என் சந்தேகம்.

ஒடுக்கத்தின்போதும் எச்சரிக்கை வேண்டும். நிக்கல் ஆக்சைடு ஒடுங்கும்போது நீர் உண்டாகிறது. அந்த நீராவி துகள்கள் திரள்வதைத் தூண்டும். ஆகவே வாயு ஓட்டம் அதிகமாகவும் வெப்ப ஏற்றம் மெதுவாகவும் இருக்கட்டும். வெப்பநிலைக்கு ஒரு தோராய அளவுகோல் உண்டு. கெல்வினில் அளந்த உருகுநிலையில் 0.3 பங்கை எட்டும்போது பரப்பில் உள்ள அணுக்கள் அசையத் தொடங்கும். அது ஹியூட்டிக் வெப்பநிலை. பாதியை எட்டும்போது உட்புற அணுக்களும் நகரும்; அது டம்மான் வெப்பநிலை. நிக்கலுக்கு டம்மான் வெப்பநிலை சுமார் 590 டிகிரி செல்சியஸ், தாமிரத்துக்கு 405, தங்கத்துக்கு 395, பிளாட்டினத்துக்கு 750. இவை எல்லைக்கோடுகள் அல்ல. துகளின் அளவு, தாங்கியின் பிடிப்பு, வாயு எல்லாம் இவற்றை நகர்த்தும். ஆனால் தாமிர வினையூக்கியை 500 டிகிரியில் ஒடுக்கலாமா என்று கேட்பவருக்கு இந்த ஒரு எண்ணே பதில் சொல்லிவிடும்.

உங்கள் 25 நானோமீட்டர் என்ற எண்ணையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். எக்ஸ்-கதிர் வரைபடத்தில் உச்சிகளின் அகலத்திலிருந்து கணக்கிடும் ஷெரர் சமன்பாடு தருவது படிகத்தின் அளவு. அதுவும் கன அளவால் எடையிட்ட சராசரி. ஒரு பெரிய துகள் ஆயிரக்கணக்கான சிறு துகள்களின் குரலை அமுக்கிவிடும். 2 அல்லது 3 நானோமீட்டருக்குக் கீழே உள்ள துகள்களின் உச்சிகள் அகன்று, சிலிக்காவின் பின்னணியில் கரைந்துபோகும். உங்கள் மாதிரியில் நிக்கலில் பாதி 3 நானோமீட்டராகவும் மீதி 30 நானோமீட்டராகவும் இருந்தாலும் நீங்கள் பார்ப்பது கூர்மையான உச்சிகளைத்தான். கட்டுரைகளில் வரும் 4 நானோமீட்டர் பெரும்பாலும் மின்னணு நுண்ணோக்கியில் எண்ணிய சராசரி. அதில் ஒவ்வொரு துகளுக்கும் சம மதிப்பு. இரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக் கூடாது. அளந்தது ஆக்சைடா உலோகமா என்பதையும் குறிப்பிடுங்கள். நிக்கல் ஆக்சைடு உலோகமாகும்போது கன அளவு ஏறத்தாழ 0.6 மடங்காகச் சுருங்கும், விட்டம் 0.84 மடங்காகும். ஹைட்ரஜன் பரப்புக் கவர்ச்சி அளவீட்டையும் (உலோகப் பரப்பு எவ்வளவு ஹைட்ரஜனைப் பிடிக்கிறது என்பது) சேர்த்து, மூன்றும் ஒன்றையே சொல்கின்றனவா என்று பாருங்கள்.

இனி மற்ற முறைகள். மேலே சொன்ன மின்சுமைக் கணக்கையே கருவியாக்கிக்கொண்டால் கிடைப்பது மின்னிலைப் பரப்புக் கவர்ச்சி முறை. ஜே. பி. புரூனல் 1970களின் இறுதியில் இதன் அடிப்படையைத் தெளிவாக எழுதினார். பின்னர் ஜான் ரெகல்புட்டோவின் குழு இதை அளவீட்டு ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. அலுமினாவின் பரப்பு நேர்மின்சுமை பெறும் பிஎச் 3 அல்லது 4இல் குளோரோபிளாட்டினேட் எதிர்மின் அயனியைக் கொடுங்கள். சிலிக்காவின் பரப்பு எதிர்மின்சுமை பெறும் பிஎச் 10இல் பிளாட்டினம் டெட்ராஅம்மீன் நேர்மின் அயனியைக் கொடுங்கள். அயனிகள் சுவரில் ஒற்றை அடுக்காக ஒட்டிக்கொள்ளும். கழுவினாலும் பெரும்பகுதி போகாது. 1 நானோமீட்டர் அளவுத் துகள்களைக் கூட இந்த வழியில் பெறலாம். ஒரு பொறி மட்டும் உண்டு: தாங்கி தானே பிஎச்சை மாற்றிவிடும். சிறிதளவு கரைசலில் நிறைய ஆக்சைடைப் போட்டால், நீங்கள் 3இல் தொடங்கினாலும் கரைசல் தாங்கியின் பூச்சியப் புள்ளியை நோக்கி ஓடிவிடும். ஆகவே தொடக்க பிஎச்சைவிட இறுதி பிஎச்தான் முக்கியம். இதையே திருப்பிப் போட்டு, வெவ்வேறு தொடக்க பிஎச் கொண்ட நீரில் நிறையத் தூளைக் குலுக்கி, இறுதி பிஎச் எந்த எண்ணில் வந்து குவிகிறது என்று பார்த்தால் பூச்சியப் புள்ளி கிடைத்துவிடும். பிஎச் மின்முனை ஒன்று இருந்தால் ஒரு பிற்பகலில் முடியும் வேலை.

இந்த முறைக்கு ஓர் உச்ச வரம்பு இருக்கிறது. அம்மீன் அயனிகள் தம் நீர் உறைகளோடு சதுர மீட்டருக்கு ஒரு மைக்ரோமோலுக்குச் சற்றுக் குறைவாகவே ஒட்டும். கிராமுக்கு 300 சதுர மீட்டர் பரப்புள்ள சிலிக்காவில் பிளாட்டினம் என்றால் அது 4, 5 சதவீதம். விலையுயர்ந்த உலோகத்துக்குத் தாராளம். நிக்கலின் அணு எடை குறைவு என்பதால் அதே எண்ணிக்கை அயனிகள் 1.5 சதவீதம்தான் தரும். உங்களுக்கு வேண்டிய 10 சதவீதத்துக்கு இது போதாது.

உங்களுக்கு நான் பரிந்துரைக்கும் மாற்று, படிவித்து வீழ்படிவாக்கும் முறை. டச்சு வேதியியலாளர் ஜான் கோய்ஸ் யூரியாவைக் கொண்டு வளர்த்தெடுத்த வழி இது. தாங்கியும் நிக்கல் நைட்ரேட்டும் யூரியாவும் கலந்த நீர்க்கலவையை நன்றாகக் கலக்கிக்கொண்டே 90 டிகிரியில் வைத்திருப்பார்கள். யூரியா மெதுவாக நீராற்பகுந்து கலவை முழுவதும் ஒரே சீராக ஹைட்ராக்சைடை வெளியிடும். காரத்தைச் சொட்டுச்சொட்டாக ஊற்றினால் சொட்டு விழும் இடத்தில் பிஎச் எகிறி, தாங்கியை விட்டு விலகிய வீழ்படிவு உண்டாகிவிடும். இங்கே அந்தச் சிக்கல் இல்லை. பிஎச் மெல்ல உயர, பரப்பின் உதவி கிடைக்கும் இடத்தில், அதாவது சிலிக்காவின்மேல், நிக்கல் முதலில் படியும். 10, 20 சதவீதம் ஏற்றினாலும் துகள் சிறியதாகவே இருக்கும். இதற்கு விலையும் உண்டு. நிக்கல் சிலிக்காவோடு வினைபுரிந்து நிக்கல் ஃபில்லோசிலிக்கேட் என்ற அடுக்குச் சேர்மமாகிறது. அதை ஒடுக்க 500, சில வேளை 600 டிகிரிக்கு மேலும் போக வேண்டும். சாதாரண நிக்கல் ஆக்சைடோ 400ஐ ஒட்டியே ஒடுங்கிவிடும். முழுவதும் ஒடுங்காத மாதிரியில் ஹைட்ரஜன் அளவீட்டை வைத்துத் துகளளவு கணக்கிட்டால் தவறான எண் வரும். வெப்பநிலைநிரல் ஒடுக்கச் சோதனையை (ஹைட்ரஜனில் வெப்பத்தைச் சீராக ஏற்றிக்கொண்டே ஒடுக்கத்தை அளப்பது) முதலில் செய்து, எங்கே எவ்வளவு ஒடுங்குகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு மற்றதைத் தொடுங்கள். கரைசலில் போட்ட நிக்கல் முழுவதும் படிந்தது என்றும் நம்ப வேண்டாம். இறுதித் தூளைக் கரைத்து உலோக அளவை அளந்துகொள்ளுங்கள்.

தங்கத்தில் இந்த முறையின் அருமை இன்னும் துலக்கமாகத் தெரியும். தங்கம் வினையூக்கத்துக்கு உதவாத உலோகம் என்ற எண்ணம் நீண்ட காலம் நிலவியதற்கு ஒரு காரணமே தயாரிப்பு முறைதான். குளோரோஆரிக் அமிலத்தில் ஊறவைத்தால் எஞ்சும் குளோரைடு தங்கத்தைப் பெரிய கட்டிகளாகத் திரட்டிவிடும். 1987இல் ஜப்பானின் மசடகே ஹருட்டா குழுவினர் ஆக்சைடுகளில் நன்கு சிதறிய தங்கம் பூச்சியம் டிகிரிக்கும் கீழே கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனேற்றம் செய்வதைக் காட்டினார்கள். முதலில் இணைவீழ்படிவாக்கல், பின்னர் டைட்டானியாவின்மேல் படிவித்து வீழ்படிவாக்கல் என்று அந்தத் துறை வளர்ந்தது. பிஎச்சை 7க்கு மேல் கொண்டுபோனால் தங்க அயனியைச் சூழ்ந்த குளோரைடுகளின் இடத்தில் ஹைட்ராக்சைடுகள் வந்து அமரும். மீதிக் குளோரைடைக் கழுவி நீக்கலாம். இதே வழி சிலிக்காவில் எடுபடாது. அந்த பிஎச்சில் சிலிக்கா எதிர்மின்சுமையோடு இருப்பதால் தங்கத்தின் எதிர்மின் அயனியை விலக்கித் தள்ளும். தயாரித்த தங்க மாதிரியை வெளிச்சத்தில் வைக்காதீர்கள். ஒளியே அதை ஒடுக்கித் திரட்டும்.

இணைவீழ்படிவாக்கலில் தாங்கியும் உலோகமும் ஒரே நேரத்தில் பிறக்கின்றன. மெத்தனால் தொழிலின் தாமிரம்-துத்தநாக ஆக்சைடு-அலுமினா வினையூக்கி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1960களின் நடுவில் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் இதைத் தொழிலுக்குக் கொண்டுவந்தது. நைட்ரேட்டுகளைச் சோடியம் கார்பனேட்டோடு 60, 70 டிகிரியில், பிஎச் 6, 7 அளவில் கலக்கிய பிறகு, அந்த வீழ்படிவை அதே கரைசலில் முதிரவிட வேண்டும். நீல நிறக் குழம்பு ஒரு கட்டத்தில் பசுமைக்கு மாறும். அமைப்பில்லாமல் இருந்தது துத்தநாகம் புகுந்த மாலகைட்டாக (பச்சை நிறத் தாமிரக் கார்பனேட் கனிமம்) படிகமாவதன் அடையாளம் அது. அதற்கு முன் வடிகட்டிவிட்டால், பின்னால் எவ்வளவு கவனமாகச் சுட்டாலும் நல்ல வினையூக்கி வராது. சோடியத்தைக் கழுவி முடிக்காவிட்டாலும் அதே கதிதான். தாமிரத்தைத் தாங்கியில் சிறு விழுக்காடாக ஏற்ற விரும்புவோருக்கு இந்த முறை பொருந்தாது. இங்கே தாமிரம்தான் பாதிக்கு மேல்.

நீங்கள் கேட்ட கூழ்ம முறைக்கு வருகிறேன். துகளைக் கரைசலில் முதலில் செய்துகொண்டு, பிறகு தாங்கியில் ஒட்டவைப்பது இது. ஃபாரடே 1857இலேயே தங்கக் கூழ்மங்களை ஆராய்ந்தார். டர்கெவிச் 1951இல் சிட்ரேட் கொண்டு சுமார் 20 நானோமீட்டர் தங்கத் துகள்களைச் செய்யும் வழியைத் தந்தார். அளவைத் தாங்கியிலிருந்து பிரித்துக் கட்டுப்படுத்த முடிவது இதன் பெரும் பலம். ‘துகளளவு வினைவேகத்தை எப்படிப் பாதிக்கிறது’ என்பதுதான் உங்கள் ஆய்வுக் கேள்வி என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் துகள்களைப் பிரித்து வைக்கும் பாலிவினைல்பிரோலிடோன் போன்ற பாதுகாப்பு மூலக்கூறுகள், வினை நடக்க வேண்டிய பரப்பையும் மூடிக்கொள்கின்றன. காற்றில் எரித்து நீக்கினால் துகள்கள் திரளும். நீக்காமல் விட்டால் வினைத்திறன் குறையும். பாலிவினைல் ஆல்கஹாலைச் சூடான நீரில் ஓரளவு கழுவி எடுக்கலாம் என்பது ஆறுதல். நிக்கலுக்கு இந்த வழி இன்னும் கடினம். நீரில் போரோஹைட்ரைடு கொண்டு ஒடுக்கினால் தூய நிக்கல் கிடைக்காது, போரான் கலந்த நிக்கல் போரைடுதான் கிடைக்கும். கரிமக் கரைப்பானில் செய்தால் காற்றுப் படாமல் கையாள வேண்டும். தங்கமும் பல்லேடியமும் பழகிய கையோடு நிக்கலில் இறங்குபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

அணு அடுக்குப் படிவு, தீச்சுடர் தெளிப்பு, பெரோவ்ஸ்கைட் என்ற கலப்பு ஆக்சைடிலிருந்து உலோகத்தை வெளியே முளைக்கவைப்பது ஆகிய முறைகளை நான் வாசித்தும் கேட்டும் அறிந்த அளவே. கைப்பழக்கம் இல்லாததால் அறிவுரை சொல்ல மாட்டேன். கருவி இருக்கும் குழுவோடு சேர்ந்து செய்யுங்கள்.

உலோகத்துக்கு உலோகம் குணம் மாறும் என்பதால், நிக்கலுக்கு நான் சொன்னதை மற்றவற்றுக்கு அப்படியே எடுத்துச்செல்ல வேண்டாம். ருத்தேனியத்தைக் காற்றில் சுடவே கூடாது. அதன் ஆக்சைடு திரள்வதோடு, ஆவியாகும் நச்சுத்தன்மையுள்ள டெட்ராக்சைடாகவும் மாறும். உலர்த்தியபின் நேராக ஹைட்ரஜனுக்குக் கொண்டுபோங்கள். பிளாட்டினம் டெட்ராஅம்மீன் உப்போ இதற்கு நேர்மாறு: நேராக ஹைட்ரஜனில் சூடாக்கினால் நகரும் இடைநிலைச் சேர்மங்கள் உண்டாகித் துகள் பெருத்துவிடும், முதலில் காற்றில் மெதுவாகச் சுட்டு அம்மீனை நீக்குவது நல்லது. கரித்தாங்கியில் காற்றில் சுடுவதென்ற பேச்சே இல்லை, தாங்கியே எரிந்துபோகும். டைட்டானியாவில் ஏற்றிய பிளாட்டினத்தை 500 டிகிரியில் ஒடுக்கினால் தாங்கியின் மெல்லிய படலம் உலோகத்தின்மேல் ஏறி மூடிக்கொள்ளும். டாஸ்டர் குழுவினர் 1978இல் அறிவித்த விளைவு இது. அப்போது ஹைட்ரஜன் கவர்ச்சி விழுந்துவிடும். துகள் பெருத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம், ஆனால் நுண்ணோக்கியில் அளவு மாறியிருக்காது.

பாதுகாப்பு பற்றி இரண்டு செய்திகளைச் சொல்லாமல் விட முடியாது. ஒடுக்கிய நிக்கலைக் குழாயிலிருந்து நேராகக் காற்றில் எடுக்காதீர்கள், தானே தீப்பற்றும். அறை வெப்பநிலைக்குக் குளிர்ந்தபின் நைட்ரஜனில் 1 சதவீதம் அளவு ஆக்சிஜன் கலந்து மெதுவாகச் செலுத்தி, பரப்பை மட்டும் ஆக்சைடாக்குங்கள். கரியில் ஏற்றிய பல்லேடியத்தின்மேல் மெத்தனால் ஊற்றும்போது நடக்கும் தீ விபத்துகளும் இதே வகைதான். இரண்டாவது, பிளாட்டினத்துக்குச் செய்வதுபோல நிக்கலுக்குக் கார்பன் மோனாக்சைடு கவர்ச்சி அளவீடு செய்ய வேண்டாம். குறைந்த வெப்பத்திலேயே நிக்கல் டெட்ராகார்பனைல் உண்டாகும். அதன் ஆவி உயிரைக் குடிக்கும். ஹைட்ரஜனையே பயன்படுத்துங்கள்.

ஆகவே வரிசை இதுதான். இப்போது கையில் இருக்கும் உப்பையும் சிலிக்காவையும் வைத்து ஒரே தொகுதியாக ஊறவையுங்கள். அதை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பழைய விதமாகவும் மற்றொன்றை வெற்றிடத்தில் உலர்த்திக் குழாய் உலையில் வாயு ஓட்டத்தில் 350 டிகிரியிலும் சுடுங்கள். ஒடுக்குவதற்கு முன்பே இரண்டுக்கும் எக்ஸ்-கதிர் எடுங்கள். ஆக்சைடு நிலையிலேயே வேறுபாடு தெரிந்தால் குற்றவாளி உலர்த்தலிலோ சுடுதலிலோ இருக்கிறார். தெரியாவிட்டால் ஒடுக்கத்தைப் பார்க்க வேண்டும். 8, 10 நானோமீட்டர் வரை இறங்கிவிட்டால் அங்கேயே நிற்கலாம். அதற்கும் கீழே வேண்டும் என்றால் யூரியா முறை.

அதற்கும் கீழே உண்மையிலேயே வேண்டுமா என்பது நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு விவரத்தைப் பொறுத்தது: எந்த வினைக்காக இந்த வினையூக்கி? மீத்தேனைச் சீர்திருத்தும் (ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடுமாக மாற்றும்) வினைகளில் சிறிய நிக்கல் துகள்களில் கரி இழைகள் வளர்வது குறைவு. அங்கே இந்த உழைப்புக்குப் பலன் உண்டு. கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் ஹைட்ரோகார்பன்களாக்கும் ஃபிஷர்-டிராப்ஷ் வினையில் கோபால்ட்டோ 6 முதல் 8 நானோமீட்டருக்குக் கீழே போனால் பரப்பளவுக்கான வினைத்திறனையே இழக்கத் தொடங்குகிறது. வினையையும் சிலிக்காவின் துளை அகலத்தையும் எழுதுங்கள். அதற்கேற்ற இலக்கு அளவை வைத்து மேற்கொண்டு பேசலாம்.